அமெரிக்காவைப் படித்தவர்கள் எங்கே போகிறார்கள்?

அமெரிக்கப் பண்பாட்டுக்கென்றே ஒரு பட்டப்படிப்பு உண்டு. அமெரிக்கன் ஸ்டடீஸ் என்று பெயர். நம் ஊரில் எம்.ஏ. ஆங்கிலம் படித்தவர்கள் ‘அமெரிக்கன் லிட்டரேச்சர்’ என்ற ஒரே ஒரு பேப்பராக அதன் ஓரத்தை மட்டும் பார்த்திருப்பார்கள். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திலும் ஜெர்மனியின் பெர்லினிலும் அது முழுப் படிப்பு. கவிதை, கோர்ட் தீர்ப்பு, சர்ச் பிரசங்கம், சினிமா, சோப்பு விளம்பரம், குடியேற்றச் சட்டம் எல்லாவற்றையும் ஒரே மேஜையில் போட்டுப் படிக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு என்ன வேலைக்குப் போவது? பதினான்கு வருடம் ஒரு கல்லூரியில் அந்த அமெரிக்க இலக்கியப் பேப்பரை நடத்தியிருக்கிறேன். அட்மிஷன் நேரத்தில் பிள்ளையோடு வரும் அப்பாக்கள் இந்தக் கேள்வியைக் கேட்காமல் போனதில்லை. நியாயமான கேள்விதான். சிவில் இன்ஜினியரிங் முடித்தால் என்ன வேலை என்பதைப் படிப்பின் பெயரே சொல்லிவிடும். இந்தப் படிப்பின் பெயரில் ஒரு வேலையும் கிடையாது. எனக்குத் தெரிந்தவரை இரண்டு விஷயங்கள்தான் இதைப் படித்தவர்களின் பாதையைத் தீர்மானித்திருக்கின்றன. ஒன்று, வகுப்பில் பழகிய ஒரு வாசிப்பு முறை. இன்னொன்று, அந்தந்தக் காலத்தில் அந்தப் படிப்புக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்பது.

முதலில் வாசிப்பு முறை. ‘சியர்ஸ் ரோபக்’ என்ற அமெரிக்கக் கம்பெனி 1890-களிலிருந்து தபாலில் அனுப்பிய தடிமனான பொருள் பட்டியலை எடுத்துக்கொள்வோம். தையல் மெஷின், கலப்பை, கடிகாரம், துணி என்று பக்கம் பக்கமாகப் படமும் விலையும் போட்ட புத்தகம். 1908 முதல் 1940 வரை ஒரு முழு வீட்டையே மரச்சட்டம், ஆணியோடு ரயிலில் அனுப்பி வைத்தார்கள். வணிகம் படிக்கும் மாணவருக்கு இது ஒரு விற்பனை முறை. அமெரிக்கப் பண்பாடு படிக்கும் மாணவர் வேறு மாதிரிக் கேட்கப் பழகுகிறார். இந்தப் புத்தகம் ஒரு கிராமத்து வீட்டுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது? 1896-ல்தான் அரசாங்கம் கிராமத்து வீடுகளுக்கு இலவசமாகத் தபாலைக் கொண்டுபோய்க் கொடுக்கத் தொடங்கியது. 1913-ல் பார்சல் தபால் வந்தது. அந்த இரண்டும் இல்லாமல் இந்த வியாபாரம் இவ்வளவு வளர்ந்திருக்காது. சரி, யாருக்கு இது அதிகம் பயன்பட்டது?

இங்கேதான் பாடம் கனக்கத் தொடங்கும். தெற்கு மாநிலங்களில் இனப் பாகுபாடு சட்டமாகவே இருந்த காலம் அது. ஊர்க் கடையில் வெள்ளையர் எல்லோரும் வாங்கி முடித்த பிறகுதான் கறுப்பின வாடிக்கையாளர் பக்கம் கடைக்காரர் திரும்புவார். கடன் கொடுப்பதா, எந்தச் சரக்கைக் கொடுப்பது என்பதெல்லாம் அவர் இஷ்டம். தபாலில் ஆர்டர் எழுதிப் போட்டால் தோலின் நிறம் தெரியாது. வெள்ளைக்காரர் வாங்கும் அதே பொருள், அதே விலையில் வீட்டுக்கு வரும். சில ஊர்களில் உள்ளூர் வியாபாரிகள் அந்தப் பட்டியல்களைச் சேகரித்துத் தெருவில் கொளுத்தினார்கள். ஒரு விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு தபால் சட்டம், ரயில், இனம், கடன், ஆசை என்று ஒரு நாட்டின் உள்கட்டுமானத்தையே பார்த்துவிட முடிகிறது. டீக்கடைகளின் இரட்டைக் குவளை வழக்கத்தைக் கேள்விப்பட்ட தமிழ் மாணவர்களுக்கு இந்தப் பாடம் சட்டென்று பிடிபடும். வகுப்பில் அந்த அமைதியைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மூன்று நான்கு வருடம் இப்படிப் படித்தவருக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. கையில் வரும் எந்தக் காகிதத்தையும் ‘இது ஏன் இப்படி இருக்கிறது, இதனால் யாருக்கு லாபம், இதில் யார் விடுபட்டிருக்கிறார்கள்’ என்று கேட்டுத்தான் அவரால் படிக்க முடியும். வக்கீல் தொழில், பத்திரிகை, அருங்காட்சியகம், அரசுப் பணி, விளம்பரம், பள்ளி ஆசிரியர் வேலை என்று இந்தப் பட்டதாரிகள் போகும் துறைகளில் எல்லாம் இந்தப் பழக்கம்தான் சோறு போடுகிறது.

பீட் புடிஜெஜ் இதற்கு ஒரு நல்ல உதாரணம். ஹார்வர்டில் வரலாறும் இலக்கியமும் இணைந்த பிரிவில் படித்து 2004-ல் பட்டம் பெற்றவர். வியட்நாமில் அமெரிக்கர்கள் செய்ததைப் பற்றிய ஓர் ஆங்கில நாவலை வைத்து, பதினேழாம் நூற்றாண்டில் பியூரிட்டன் என்ற கண்டிப்பான கிறிஸ்தவப் பிரிவினருக்கு இருந்த மதப்பற்று எப்படி அமெரிக்க வெளியுறவுக் கொள்கைக்குள் வந்து உட்கார்ந்தது என்று இளங்கலை ஆய்வேடு எழுதினார். அப்புறம் மெக்கின்சி கம்பெனியில் ஆலோசகர், கடற்படை ரிசர்வில் உளவு அதிகாரி, 2012 முதல் 2020 வரை சவுத் பெண்ட் நகர மேயர், 2021-ல் போக்குவரத்து அமைச்சர். கேட்டால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத வேலைகள். ஆனால் அமைச்சரானதும் அவர் திரும்பத் திரும்பப் பேசிய விஷயத்தைக் கவனியுங்கள். 1956-க்குப் பிறகு போடப்பட்ட பெரிய நெடுஞ்சாலைகள் பல நகரங்களில் கறுப்பின மக்களின் தெருக்களைப் பிளந்துகொண்டு போனதைப் பற்றிப் பேசினார். செயிண்ட் பால் நகரத்தின் ரோண்டோ, நியூ ஆர்லியன்ஸின் கிளெய்போர்ன் அவென்யூ போன்ற இடங்கள் அப்படித்தான் சிதைந்தன. பிளவுபட்ட குடியிருப்புகளை மறுபடி இணைக்க 2021 உள்கட்டமைப்புச் சட்டத்தில் 100 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. அந்தச் சட்டத்துக்குப் பின்னால் எத்தனையோ பேரின் உழைப்பு இருக்கிறது. என்றாலும் ஒரு பாலத்தையும் சாலையையும் பண்பாட்டு ஆவணமாகப் படித்துக் காட்டத் தெரிந்த ஒருவர் அந்த நாற்காலியில் இருந்ததை நான் தற்செயலாக எடுத்துக்கொள்வதில்லை.

இனி பணத்தின் கதை. 1930-கள் வரை அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலேயே அமெரிக்க இலக்கியம் ஆங்கில இலக்கியத்தின் வால் போலத்தான் நடத்தப்பட்டது. பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் ‘நாம் யார்’ என்ற கேள்வி அந்த நாட்டில் பெரிதாக எழுந்தது. ஹார்வர்டில் அமெரிக்க நாகரிக வரலாறு என்று தனி ஆய்வுத் திட்டம் தொடங்கி, 1940-ல் ஹென்றி நாஷ் ஸ்மித் அதில் முதல் முனைவர் பட்டம் பெற்றார். அதுவரை இது உள்நாட்டுத் தேடல்தான். போர் முடிந்ததும் நிலைமை மாறியது. உலகம் இரண்டு முகாமாகப் பிரிந்தபோது, தங்கள் நாட்டைப் பற்றி மற்றவர்கள் படிக்க வேண்டும் என்பது அமெரிக்க அரசாங்கத்துக்கே தேவையாகிவிட்டது. மாணவர்களும் ஆசிரியர்களும் நாடு விட்டு நாடு போய்ப் படிக்க உதவித்தொகை தரும் ஃபுல்பிரைட் சட்டம் 1946-ல் வந்தது. 1947 கோடையில், ஹார்வர்டைச் சேர்ந்த சில இளைஞர்களின் முயற்சியால் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் ஒரு பழைய மாளிகையில் அமெரிக்க நாகரிகம் பற்றிய வகுப்பு நடந்தது. இரண்டு வருடம் முன்பு வரை ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டிருந்த நாடுகளின் இளைஞர்கள் அங்கே ஒன்றாக உட்கார்ந்து படித்தார்கள். 1950-ல் வில்லியம் ராபர்ட்சன் கோ என்ற பணக்காரர், கம்யூனிசத்துக்கு எதிரான அரணாக இருக்கட்டும் என்று யேலின் அமெரிக்கன் ஸ்டடீஸ் துறைக்கு நிதி கொடுத்தார்.

பணம் வந்த வழியாகவே வேலையும் வந்தது. யேலில் இந்தத் துறையை வளர்த்தவர்களில் ஒருவரான நார்மன் ஹோம்ஸ் பியர்சன், போர்க்காலத்தில் லண்டனிலிருந்து அமெரிக்க எதிர் உளவுப் பிரிவை நடத்தியவர். அவருடைய மாணவர்கள் சிலர் சிஐஏவுக்குப் போனார்கள். தூதரகம், அரசுத் தகவல் அலுவலகம், பல்கலைக்கழகம் என்று வாசல்கள் திறந்திருந்த காலம் அது. எல்லோரும் அந்த வாசல் வழியே போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கம்யூனிஸ்ட் எழுத்தாளர்களைப் பற்றி ஆய்வு செய்து 1957-ல் யேலில் அமெரிக்கன் ஸ்டடீஸ் முனைவரான டாம் வுல்ஃப், ஒரு சிறு நகரத்துப் பத்திரிகையில் ரிப்போர்ட்டராகச் சேர்ந்தார். பிறகு கார்களை அலங்கரிக்கும் கலிஃபோர்னியா இளைஞர்கள் தொடங்கி விண்வெளி வீரர்கள் வரை, மற்றவர்கள் அற்பம் என்று தள்ளியதையும் வீரம் என்று மட்டும் புகழ்ந்ததையும் உட்கார்ந்து கவனித்து எழுதினார். எந்தக் கூட்டத்தில் யாருக்கு மதிப்பு, எந்தச் சட்டை போட்டால் எந்த இடம் என்பதை அவர் பார்த்த விதத்தில் அந்த ஆய்வு வகுப்பின் வாசனை நன்றாகவே தெரியும்.

அமெரிக்காவுக்கு வெளியே இருந்து படித்தவர்களின் கதை இன்னும் சுவாரசியமானது. ஜெர்மானிய யூத வக்கீலான எர்ன்ஸ்ட் ஃப்ராங்கெல் ஹிட்லருக்குத் தப்பி 1938-ல் நாட்டை விட்டு வெளியேறினார். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு சிகாகோவில் உட்கார்ந்து அமெரிக்கச் சட்டத்தை முதலிலிருந்து படித்தார். அந்தப் படிப்பு போருக்குப் பின் அவரைக் கொரியாவுக்குக் கொண்டுபோனது, அங்கிருந்த அமெரிக்க நிர்வாகத்தின் சட்ட ஆலோசகராக. பிறகு பெர்லின் திரும்பி, இன்று ஜான் எஃப். கென்னடி பெயரில் இருக்கும் வட அமெரிக்க ஆய்வு நிறுவனத்தை 1963-ல் உருவாக்கினார். பிழைப்புக்காகப் படித்ததை அடுத்த தலைமுறைக்கான படிப்பாக மாற்றிய மனிதர்.

பிரிட்டனில் நடந்தது வேறு. அங்கே பல இடங்களில் அமெரிக்கன் ஸ்டடீஸ் பட்டம் நான்கு வருடம். அதில் ஒரு வருடம் ஏதாவது ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் தங்கிப் படிக்க வேண்டும். அந்த ஒரு வருடம்தான் படித்தவர்களின் வாழ்க்கையைத் திருப்பிவிடுகிறது என்பது என் எண்ணம். பாடத்தில் படித்த நாட்டைச் சலவை இயந்திரத்துக்குக் காசு தேடும் நாடாகப் பார்த்துவிட்டு வருகிறார்களே! ஈஸ்ட் ஆங்லியா பல்கலைக்கழகத்தில் அமெரிக்கன் ஸ்டடீஸ் பேராசிரியராக இருந்த மால்கம் பிராட்பரி, அமெரிக்காவின் அயோவாவில் 1936 முதல் நடந்துவந்த எழுத்துப் பட்டறை போன்ற ஒன்று பிரிட்டனிலும் வேண்டும் என்று நினைத்தார். 1970-ல் நாவலாசிரியர் ஆங்கஸ் வில்சனுடன் சேர்ந்து படைப்பெழுத்துக்கு ஒரு முதுகலைப் படிப்பைத் தொடங்கினார். முதல் மாணவர், பின்னாளில் பெயர்பெற்ற நாவலாசிரியரான இயன் மெக்கீவன். பத்து வருடம் கழித்து அதே படிப்பை முடித்த கசுவோ இஷிகுரோவுக்கு 2017-ல் நோபல் பரிசு கிடைத்தது. அமெரிக்காவைக் கூர்ந்து படித்த ஒரு பேராசிரியர் கொண்டுவந்த பழக்கம், வேறொரு நாட்டின் நாவல் உலகத்தையே மாற்றியிருக்கிறது.

அமெரிக்காவைப் பிடித்துப்போய்ப் படித்தவர்கள் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். மாஸ்கோவில் 1967-ல் அமெரிக்காவை ஆராயவென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். அதன் தலைவர் ஜார்ஜி அர்பதோவ், பிரெஷ்நேவ் முதல் கோர்பசேவ் வரை சோவியத் தலைவர்களுக்கு ஆலோசகர். ஷாங்காய் ஃபுடான் பல்கலைக்கழகத்தின் வாங் ஹுனிங் 1988-89-ல் ஆறு மாதம் அமெரிக்காவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அந்தச் சமூகத்தின் உள்முரண்களைப் பற்றிப் புத்தகம் எழுதினார். 2017-ல் சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் உச்சக் குழுவுக்குப் போனார்.

நம் நாட்டுக்கு இந்தப் படிப்பு வந்த கதை கோதுமையில் தொடங்குகிறது. 1951-ல் உணவுப் பற்றாக்குறையில் இருந்த இந்தியாவுக்கு அமெரிக்கா 19 கோடி டாலர் கடன் கொடுத்தது. அந்தக் கடனுக்கான வட்டியில் ஐம்பது லட்சம் டாலரைப் புத்தகத்துக்கும் கல்விப் பரிமாற்றத்துக்கும் என்று ஒதுக்கினார்கள். 1954-க்குப் பிறகு பி.எல். 480 என்ற அமெரிக்க உணவு உதவிச் சட்டத்தின் கீழ் வந்த தானியத்துக்கு இந்தியா ரூபாயிலேயே பணம் கட்டியது. அந்த ரூபாயை இங்கேயே செலவழிக்க வேண்டியிருந்தது. 1962 முதல் அதில் ஒரு பகுதியைக் கொண்டு அமெரிக்க நூலகங்களுக்காக இந்திய மொழிப் புத்தகங்களை வாங்கினார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் அலமாரிகளில் தமிழ் நாவல்களும் கவிதைத் தொகுப்புகளும் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். எதிர்த்திசையில், 1964-ல் ஹைதராபாத் உஸ்மானியா வளாகத்தில் அமெரிக்க ஆய்வு மையம் தொடங்கியது. காலப்போக்கில் அதன் நூலகத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள் சேர்ந்தன.

தமிழ்நாட்டில் அமெரிக்க இலக்கியத்தில் எம்.ஃபில்., பிஎச்.டி. செய்த ஒரு தலைமுறைக்கு அந்த மையம்தான் காசி. எனக்குப் பாடம் எடுத்த ஆசிரியர் சார்மினார் எக்ஸ்பிரஸில் ஏறி, மூன்று வாரம் அங்கே தங்கி, காலையிலிருந்து இரவு வரை கார்டுகளில் குறிப்பெடுத்துக்கொண்டு வந்தவர். ஷூ டப்பா நிறைய அந்தக் கார்டுகள். கடைசி வரை அதை வைத்துத்தான் பாடம் நடத்தினார். அந்தத் தலைமுறைக்கு அமெரிக்கப் படிப்பு என்றால் கல்லூரி வேலை, நிரந்தரப் பணி, அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு ஃபுல்பிரைட். பனிப்போர் முடிந்ததும் அமெரிக்காவின் அக்கறை குறைந்தது. மையத்தின் பெயர் மாறியது, பணியும் மாறியது. கல்லூரி நிரந்தர வேலைகளும் இங்கே அருகிப் போயின.

அப்புறம் திறந்த வாசல் யாரும் எதிர்பாராதது. சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் அமெரிக்க மருத்துவமனைகளின் பில்லிங் வேலை செய்யும் அலுவலகங்கள் வந்தன. ஆங்கிலம் படித்த பிள்ளைகள் ஏ.ஆர். காலராக நைட் ஷிஃப்ட்டுக்குப் போனார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டு, கிளெய்ம் ஏன் நிராகரிக்கப்பட்டது என்று விசாரித்துப் பணத்தை வரவைக்கும் வேலை. அதில் அடிக்கடி வரும் ஒரு சிக்கலைப் பார்ப்போம். நோயாளிக்கு 67 வயது. முதியவர்களுக்கான அரசாங்கக் காப்பீடான மெடிகேரும் இருக்கிறது, இன்னும் வேலையில் இருப்பதால் கம்பெனி இன்ஷூரன்ஸும் இருக்கிறது. யார் முதலில் பணம் கட்டுவது? அந்தக் கம்பெனியில் 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்தால் கம்பெனி இன்ஷூரன்ஸ் முதலில். அதற்குக் குறைவென்றால் மெடிகேர் முதலில். பயிற்சியில் இந்த விதியை மனப்பாடம் செய்ய வைப்பார்கள்.

வைத்தியத்துக்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று அங்கே யாரும் சொல்லித் தருவதில்லை. 1942-ல், போர்க்கால விலையேற்றத்தைத் தடுக்கச் சம்பள உயர்வுக்கு அரசாங்கம் கட்டுப்பாடு போட்டது. சம்பளத்தைக் கூட்ட முடியாத முதலாளிகள் ஆள் பிடிப்பதற்காக மருத்துவக் காப்பீட்டைச் சலுகையாகக் கொடுத்தார்கள். 1954 வரிச் சட்டம் அந்தச் சலுகைக்கு வரி இல்லை என்று உறுதி செய்தது. வேலையில் இல்லாத முதியவர்கள் வெளியே நின்றார்கள். அவர்களுக்காக 1965-ல் மெடிகேர் வந்தது. இதைத் தெரிந்த ஒருவருக்கு அந்த விதி மனப்பாடச் சுமையாக இருக்காது. என் மாணவி ஒருத்தி இதே வேலையில் சேர்ந்து, இரண்டே வருடத்தில் புதியவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவளானாள். ‘சார், நீங்க நடத்தினதுல கவிதை எதுவும் இங்க உதவல. ஆனா ஏன்னு கேக்கறது உதவுது’ என்று ஒருநாள் போனில் சொன்னாள். எனக்கு அது உறைத்தது. நாங்கள் பாடத்திட்டத்தில் வைத்திருந்ததெல்லாம் கவிதையும் நாடகமும் நாவலும்தான். ஒரு சட்டம், ஒரு வரைபடம், ஒரு விளம்பரம்கூடக் கிடையாது. சியர்ஸ் பட்டியலை நானாகத்தான் வகுப்புக்குக் கொண்டுபோனேன், பரீட்சைக்கு வராது என்று தெரிந்தே. அமெரிக்க இலக்கியப் பேப்பரை அமெரிக்கப் பண்பாட்டுப் பேப்பராக விரித்திருந்தால் எத்தனை பிள்ளைகள் அந்த நைட் ஷிஃப்ட்டில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள்!

இன்னொரு வாசல் பதிப்பு வேலை. உலகின் பெரிய கல்விப் பதிப்பகங்களின் புத்தகங்களும் ஆய்விதழ்களும் சென்னையிலும் புதுச்சேரியிலும் பிழைதிருத்தப்பட்டு, பக்கம் அமைக்கப்படுகின்றன. எம்.ஏ. ஆங்கிலம் முடித்த ஏராளமானவர்கள் அங்கே காப்பி எடிட்டர்கள். சிகாகோ பல்கலைக்கழகம் 1906-ல் முதலில் வெளியிட்ட எழுத்து நடைக் கையேட்டின் புதிய பதிப்புதான் பலருக்கும் மேஜைப் புத்தகம். 7/4 என்று தேதி இருந்தால் அது ஏப்ரல் ஏழா, ஜூலை நாலா என்று ஒவ்வொரு கட்டுரையிலும் நின்று பார்க்க வேண்டிய வேலை.

2020 ஜூனில், கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்ட் போலீஸ் பிடியில் கொல்லப்பட்டதற்குப் பிந்தைய வாரங்களில், அசோசியேட்டட் பிரஸ் முதலான செய்தி நிறுவனங்கள் ‘பிளாக்’ என்ற சொல் மக்களைக் குறிக்கும்போது முதல் எழுத்தைப் பெரிய ‘பி’யாகப் போட வேண்டும் என்று மாற்றின. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. ஒரு எழுத்தைப் பெரிதாக்குவது மரியாதைக் கேள்வி என்பது நமக்கு உடனே புரிவதில்லை. ‘அவன்’ என்பதை ‘அவர்’ என்று மாற்றுவதோடு ஒப்பிட்டால் கொஞ்சம் புரியும். அப்போது காப்பி எடிட்டராக இருந்த என் பழைய மாணவன் ஒருவன் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினான். யாரோ மொத்தமாகத் தேடி மாற்றியதில் ‘பிளாக் காஃபி’, ‘பிளாக் மார்க்கெட்’, ‘பிளாக்போர்டு’ எல்லாவற்றிலும் பெரிய ‘பி’ ஏறியிருந்தது. அத்தனையையும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டிருந்தான்.

அவனுடைய டீமில் இருந்தவர்கள், ஒரு எழுத்துக்கு எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்டிருக்கிறார்கள். அவன் வகுப்பில் படித்ததைச் சொல்லியிருக்கிறான். 1920-களில் கறுப்பின அறிஞர் டபிள்யூ.இ.பி. டு போய்ஸ் ‘நீக்ரோ’ என்ற அன்றைய சொல்லுக்குப் பெரிய ‘என்’ போடச் சொல்லிப் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். நியூயார்க் டைம்ஸ் 1930 மார்ச்சில் ஒப்புக்கொண்டது. அந்தச் சொல் வழக்கொழிந்து, வேறு சொல் வந்து, அதற்கும் அதே போராட்டம் தொண்ணூறு வருடம் கழித்து முடிந்திருக்கிறது. இதைக் கேட்ட பிறகு அந்த டீமில் யாரும் மொத்தமாகத் தேடி மாற்றுவதில்லை என்று எழுதியிருந்தான். கூடவே, அடுத்து வந்த கட்டுரையில் ஆசிரியர் சின்ன எழுத்தாக விட்டிருந்த ஓர் இடத்தைக் குறித்து, மாற்றலாமா என்று அவருக்குக் கேள்வி போட்டிருப்பதாகவும்.